ஊதி அணைத்த விளக்கு

மலேசியாவில், பாடாங் செராய் பக்கம் நான் வேலை செய்யும் செம்பனை எண்ணெய் ஆலையில், கழிவுக் குளத்தை மூடி, அதில் கிளம்பும் எரியக்கூடிய கேஸைப் பிடிக்கிறார்கள். அது கசிகிறதா என்று சோதிக்க வருபவர் ஒல்லியானவர். கரையோர முனீஸ்வரரைக் கைகூப்பிக் கும்பிட்ட பிறகே கருவியை எடுத்து ஒளி பாய்ச்சுவார்.

"கேஸ் கசிஞ்சா லைட்ட கொஞ்சம் தின்னுரும்கா. கொறஞ்சி திரும்புனா மெஷின் கத்தும்."

ஒருநாள் கோயிலருகே மெஷின் கத்தியது. ஓடிப்போய், நான் ஏற்றிய விளக்கை வாயால் ஊதி அணைத்தார். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"பூவால அமத்தியிருக்கணும்கா."

"எங்க உசுர காப்பாத்துனீங்க தம்பி. சாமி கோவிச்சுக்காதுலா."

கசிவை அடைத்தாயிற்று, விளக்கும் எரிகிறது. ஆனால் நான் சொன்னது அவருக்குப் போதவில்லை. இப்போதெல்லாம் கைகூப்புவதில்லை, வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்.