மூன்றாவது எலிவேட்டரின் போல்ட்டுகள்

பேட்டைப் பக்கம் அரிசி ஆலை எந்திரங்கள் செய்யும் ஒரு பட்டறையில் கணினியில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். முதலாளிக்கு விற்கிற எந்திரம் மட்டும் புதிதாக இருந்தால் போதும். அதை வரைகிற கணினி எக்கேடு கெட்டால் என்ன. முழு ஆலையின் கோப்பு திறக்க முக்கால் மணி நேரம் ஆகும், பாதியில் உறைந்தும் போகும். அதனால் வரைபடத்தில் போல்ட்டு, நட்டுகளை மட்டும் கணினி கணக்கில் எடுக்காதபடி அணைத்து வைத்துவிட்டுத்தான் வேலை பார்ப்போம். எது எத்தனை அனுப்ப வேண்டும் என்று கணினி எடுத்துத் தருகிற பாகப் பட்டியல், அணைத்ததை எண்ணாது. பட்டியல் எடுக்குமுன் எல்லாவற்றையும் திருப்பிப் போட வேண்டும்.

கல்லிடைக்குறிச்சி ஆலைக்கு நெல் ஏற்றும் எலிவேட்டர்கள் மூன்று. இரண்டில் போட்டேன். மூன்றாவதில் திரை உறைந்துவிட்டது. எனக்கோ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அப்படியே பட்டியலை எடுத்து, சரிபார்க்கும் அக்காவிடம் நீட்டினேன். பதினோரு வருஷமாக அங்கே இருப்பவர், வரிக்கு வரி பென்சிலால் டிக் அடித்துப் பார்ப்பவர். வீட்டில் அவர் ஒருவர் சம்பாத்தியம்தான்.

"மூணுலயும் திருப்பிப் போட்டுட்டேல்லா?" என்று கேட்டார்.

"போட்டாச்சுக்கா."

கோப்பைத் திறந்து பார்க்க அவருக்கும் அதே முக்கால் மணி நேரம் வேண்டும். என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

போல்ட்டு என்ற வரி பட்டியலில் இருந்தது, எண்ணிக்கைதான் குறைவு. யார் கண்ணிலும் படவில்லை. ஆலையில் மாட்டும்போதுதான் தெரிந்தது. நெல் அள்ளும் கிண்ணங்களைப் பெல்ட்டோடு பிடிக்கிற அந்தத் தட்டைத் தலை போல்ட்டு பக்கத்துக் கடைகளில் கிடைக்காது, கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டும். வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஏற்ற வழியில்லாமல் ஆலைக் களத்தில் கிடந்த நெல்லெல்லாம் முளை விட்டுவிட்டது.

முதலாளி பட்டியலைத் தூக்கிக்கொண்டு வந்து, யார் பார்த்த லட்சணம் இது என்று கத்தினார். அக்கா என்னை ஒரு தடவை பார்த்தார். நானே சொல்வேன் என்று காத்திருக்கிறார் என்பது எனக்கு நன்றாகவே தெரிந்தது. நான் மவுஸை உருட்டிக்கொண்டிருந்தேன்.

"கையெழுத்து நாந்தான் போட்டேன் அண்ணாச்சி," என்றார்.

நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார் முதலாளி. அக்கா சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டார். அன்றைக்கு என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் இத்தனை வருஷமும் அவரைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அந்த வசதியைக்கூட அவர் எனக்குத் தரவில்லை.

அவர் படி இறங்குமுன்பே முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"ஏலே, இனிமே பட்டியலெல்லாம் நீதாம்லே சரிபாக்கணும். ஒன்ன நம்பலாம்லா?"

"நம்பலாம் அண்ணாச்சி," என்றேன்.