மூன்றாம் மிஷினின் பச்சைப் பொட்டு

போன வாரம் மகள் என் கைபேசியை வாங்கி நோண்டிவிட்டு ஒரு குற்றத்தைக் கண்டுபிடித்தாள். "அப்பா, நீங்க ஒன்லைனில நிக்கிறது ஒருத்தருக்கும் தெரியாம மூடி வச்சிருக்கிறீங்க. ஆருக்கு ஒளிக்கிறீங்க?" குசினிக்குள் இருந்து மனைவியின் குரல் வந்தது. "அவருக்கு எழுதுறது போன் கொம்பனி மட்டும்தான். அதுக்குத்தான் ஒளிக்கிறாராக்கும்."

நான் சிரித்து மழுப்பிவிட்டேன். உங்களுக்குச் சொல்வதில் வெட்கமில்லை. ஒரு பச்சைப் பொட்டைக் கண்டு பயந்து, பட்டப்பகலில், செருப்பையும் விட்டுவிட்டு நடுத்தெருவுக்கு ஓடியவன் நான். அதற்குப் பிறகு அந்தப் பொட்டுடன் எனக்குச் சரிப்பட்டு வருவதில்லை.

திருகோணமலையில் துறைமுகப் பக்கம் போகும் வீதியொன்றில் ஹில்மி நானா ஒரு நெட் கஃபே வைத்திருந்தார். கிண்ணியாக்காரர். அதற்கு முன் அதே கடையில் சாரமும் சீத்தைத் துணியும் விற்றவர். உடுப்பு அலுமாரிகளைப் பிரித்த பலகையிலேயே ஆறு தடுப்பு அடித்து ஆறு மிஷின் வைத்தார். அவற்றை மேய்க்கிற வேலை எனக்கு. ஆறு மாதம் கணினி படித்ததற்கு எனக்கு ஒரு சான்றிதழ் தந்திருந்தார்கள். நானா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, அரபு எழுத்துப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். வருகிறவர்கள் இரண்டையும் ஒரே பக்தியோடு பார்ப்பார்கள்.

சூடேறிய பிளாஸ்டிக், நுளம்புத்திரி, வேர்வை. இப்போதும் பழைய மின்விசிறிக்குப் பின்னால் தூசி கருகி மணந்தால் நான் அந்தக் கதிரைக்குப் போய்விடுகிறேன். சமாதானம் இருக்கிறது என்று பேப்பரில் எழுதிக்கொண்டே அது கிழிந்துகொண்டிருந்த காலம். தண்ணீருக்கடியால் எவரும் நீந்தி வரக்கூடாதென்று கடற்படை கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் துறைமுகத்துக்குள் வெடி போடும். 'தும்' என்று நிலம் ஒருமுறை தூக்கிப் போடும். மொனிட்டர்கள் நடுங்கி நிற்கும். ஒருவரும் தலை நிமிர மாட்டார்கள். சத்தம் வராமல் கனநேரம் போனால்தான் எல்லாரும் நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்ப்பார்கள்.

அடையாள அட்டை இலக்கத்தைக் கொப்பியில் எழுதிவிட்டு உட்கார்ந்ததும் எல்லாருக்கும் வேறு பெயர், வேறு வயது. சட் அறைக்குள் லண்டனில் இல்லாத ஆளே கிடையாது. நானே மூன்று மாதம் ஒரு மலேசியப் பெண்ணோடு உருகி உருகி எழுதினேன். அவளுக்கு மழை பிடிக்கும், எனக்கும் பிடிக்கத் தொடங்கியது. ஒருநாள் ஐந்தாம் மிஷினில் எழுத்துச் சிக்கிவிட்டதென்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் அந்தத் திரையில் என் காதல் கடிதம். முன்னால் தபால் கந்தோர்க்காரர், மீசையோடு. எழுத்தை மட்டும் சரிசெய்து கொடுத்தேன்.

நேசன் மட்டும்தான் அங்கே தன் சொந்தப் பெயரில் இருந்தவன். கட்டைபறிச்சானில் வயலும் எருமையும் வைத்திருந்தான். வியாழக்கிழமைகளில் மூதூரிலிருந்து லோஞ்ச் படகேறிக் குடாவைக் கடந்து வருவான், ஜெர்மனியில் இருக்கும் தங்கை வதனியோடு கதைக்க. அவளைத் தவிர அவனுக்கும், அவனைத் தவிர அவளுக்கும் வேறு ஆளில்லை. நேசன் என்ற பெயரை உலகத்தில் எவனோ முதலே எடுத்துவிட்டதால், பின்னால் கட்டைபறிச்சான் என்பதையும் முழுதாகச் சேர்த்துப் பதிந்து கொடுத்தேன். அதை எவனும் எடுத்திருக்கவில்லை.

எனக்கென்று ஒரு சட்டி தயிர் கொண்டுவருவான். அதை மூன்றாம் மிஷினின் அடியில் வைத்துவிட்டுத்தான் உட்காருவான்.

"மச்சான், சட்டி கவிண்டா உன்ர தங்கச்சியும் போச்சு, என்ர வேலையும் போச்சு."

"பயப்பிடாத. எருமைத் தயிர். கவிண்டாலும் ஓடாது."

ஒற்றை விரலால், நுளம்பு அமத்துவதுபோல எழுதுவான். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிய காலம். வதனி பத்து வரி எழுதுவாள், இவன் ஆமென்பதற்கு 'ஓம்' என்று ஒன்று போடுவான். அந்த இரண்டு எழுத்துக்கும் இரண்டு நிமிடம். "டேய், நாலு சொல்லுச் சேத்து எழுதன்," என்று ஒருநாள் பேசினேன். "நான் இருக்கிறன் எண்டு தெரிஞ்சா அவளுக்குக் காணும்," என்றான்.

கரண்ட் அடிக்கடி போகும். போய் வந்தால் பெயரையும் கடவுச்சொல்லையும் திரும்ப அமத்துவதிலேயே அவனுடைய அரை மணித்தியாலம் போய்விடும். சான்றிதழ் பெற்றவன் சும்மா இருப்பேனா? 'என்னை நினைவில் வை' என்று திரையில் இருந்த ஒரு சின்னப் பெட்டிக்குள் சரி அடையாளம் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு மூன்றாம் மிஷின் உயிர் பெற்றால் போதும், நேசனின் பெயர் தானாக உள்ளே போய்விடும், பக்கத்தில் பச்சைப் பொட்டு எரியும். செய்தேன், பெருமைப்பட்டேன், மறந்தும் போனேன்.

பிறகு அக்கரையில் செல்குண்டு விழத் தொடங்கியது. கொட்டியாரக்குடாவுக்கு மேலே புகை நின்றதை இங்கிருந்தே பார்த்தோம். லோஞ்ச் நின்றது. மூதூர்ச் சனம் வந்து நானாவின் சொந்தக்காரர் வீடுகளில் நிரம்பியது. கட்டைபறிச்சான் சனம் ஈச்சிலம்பற்றுப் பக்கம் நடந்துபோனதாகக் கதை வந்தது. பிறகு அந்தக் கதையும் வரவில்லை. கடையை மூன்று வாரம் பூட்டி வைத்தோம்.

திறந்த அன்று மத்தியானம் கடந்துதான் தொலைபேசி லைன் வந்தது. வீதியில் மனிதர் இல்லை. எங்கள் ஊர் மான்கள் கோட்டைப் பக்கமிருந்து இறங்கி, பூட்டிய கடைகளின் முன்னால் வாடிக்கையாளர்போல நடந்துகொண்டிருந்தன. கடைக்குள் ஒரேயொருவர், மாவட்டக் கச்சேரிக் கந்தோரில் வேலை செய்யும் பரமேஸ்வரி அக்கா. மூன்றாம் மிஷினில் மகனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தவர் கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார்.

"தம்பி, இதில ஒரு பிள்ளை என்னை அண்ணா எண்டு கூப்பிடுது."

"விளம்பரமா இருக்கும் அக்கா. மூடிவிடுங்கோ."

"நான் அப்பவே மூடிட்டன். திரும்பவும் கூப்பிடுது."

அதோடு கரண்ட் போனது. அவரும் எழும்பிப் போய்விட்டார். கரண்ட் வந்தபோது கடைக்குள் நான் மட்டும். மிஷின்கள் ஒவ்வொன்றாக முனகிக்கொண்டு எழும்பின. நான் மேசையில் இருந்த என் மிஷினில் நண்பர் பட்டியலைத் திறந்தேன். எல்லாப் பெயரும் சாம்பல் நிறம். ஒன்று மட்டும் பச்சை. நேசன் கட்டைபறிச்சான்.

லைன் இல்லாத, கரண்ட் இல்லாத, சனமே இல்லாத ஊரிலிருந்து இவன் எப்படி? எழுதிக் கேட்டேன். 'எங்க நிக்கிறாய் மச்சான்?'

என் முதுகுக்குப் பின்னால், ஆளில்லாத மூலையில், 'டிங்' என்றது.

அத்தோடு ஒரு மணம் வந்தது. புளித்த தயிர் மணம். சத்தியமாக வந்தது.

புத்தியுள்ள எவனும் அந்த இடத்தில் இரண்டு விஷயத்தைக் கூட்டிப் பார்த்திருப்பான். நான் கதிரையைத் தள்ளி விழுத்திவிட்டு ஓடினேன். தார் கொதித்தபோதுதான் காலில் செருப்பில்லை என்று தெரிந்தது. ஒரு பெட்டை மான் என்னை மேலும் கீழும் பார்த்தது. எதிர்த் தேத்தண்ணிக் கடையில் இருந்து நானா எழும்பி வந்தார்.

"என்ன தம்பி, ஆமி ரவுண்டப்பா?"

"நானா, நேசன் வந்திட்டான். ஆனா ஆளைக் காணேல்லை."

நானா வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டு உள்ளே போனார். நான் அவருக்குப் பின்னால், அவருடைய சேர்ட்டைப் பிடித்தபடி. அவர் மூன்றாம் மிஷினுக்கு முன்னால் குனிந்து திரையை வாசித்தார். "எங்க நிக்கிறாய் மச்சான் எண்டு ஆரோ கேக்கிறான்." இன்னும் குனிந்தார். "உங்கட பேருதானே தம்பி போட்டிரிக்கி?"

அப்போதுதான் அந்தச் சின்னப் பெட்டியும் நான் போட்ட சரியும் நினைவுக்கு வந்தன. மேசைக்கு அடியில் அவன் கடைசியாகக் கொண்டுவந்த தயிர்ச்சட்டி, மூன்று கிழமையாகப் பச்சையும் நீலமுமாகப் பூத்துக் கிடந்தது. நானா என் சான்றிதழைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். நானும் சிரித்தேன், கொஞ்சம் அதிகமாகவே.

மறுபடியும் 'டிங்' என்றது.

இந்த முறை எழுதியது நானல்ல. வதனி. மேலே ஏற்றிப் பார்த்தேன், மூன்று கிழமைக் கேள்விகள் வரிசையில் நின்றன. எல்லாவற்றுக்கும் கீழே இது. 'அண்ணா, பச்சை தெரியுது. ஒண்டும் எழுத வேண்டாம். ஒரு ஓம் மட்டும் போடு.'

நான் உட்கார்ந்தேன். ஓமுக்கான இரண்டு எழுத்தையும் ஒற்றை விரலால் அமத்தினேன். அவன் அமத்துவதுபோலவே. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

"அதப் போட வேணாம் தம்பி," என்றார் நானா. "இண்டைக்குப் போட்டா நாளைக்கும் போடோணும்."

துறைமுகத்துக்குள் வெடி விழுந்தது. திரையில் ஓம் நடுங்கி நின்றது. அழித்தேன். அழிக்க இரண்டு நிமிடம் எடுத்தது. பிறகு உண்மையை எழுதினேன். நான் கடைக்காரன், மிஷின் தானாகத் திறக்கிறது, உங்கள் அண்ணா வந்து மூன்று கிழமைக்கு மேல், வந்தால் உடனே அறிவிப்பேன், இந்தப் பச்சையை இப்போதே நிற்பாட்டிவிடுகிறேன்.

அவள் எழுதுகிறாள் என்று காட்டியது. நின்றது. திரும்பவும் காட்டியது.

'தெரியும் அண்ணை. அவன் எண்டா இதுக்குள்ள ஓம் போட்டிருப்பான். ஆனா நிப்பாட்ட வேண்டாம். வேலைக்குப் போக முதல் அதை ஒருக்காப் பாத்திட்டுப் போறன்.'

நிற்பாட்டவில்லை. யுத்தம் முடியும் வரைக்கும், முடிந்த பிறகும், காலையில் கடை திறந்தால் முதல் வேலை மூன்றாம் மிஷினைப் போடுவதுதான். அதில் எவரையும் உட்கார விடவில்லை. நானா ஒருநாளும் ஏனென்று கேட்கவில்லை. அகதி முகாம்களிலிருந்து வருகிறவர்களிடம் நேசனைப் பற்றி விசாரிப்பதும் அவர்தான். கண்டதாகச் சொன்னவர் இல்லை. ஒருமுறை சோதனைக்கு வந்த அதிகாரி கொப்பியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஆளில்லாத கதிரையைக் காட்டி, இது யாரென்று கேட்டார். "வைரஸ், சேர்," என்றேன். அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார். அந்த மிஷினுக்கு முன்னால் என்னைவிடப் பயந்தவர் அவர் ஒருவர்தான்.

வீட்டுக்கு வீடு இன்டர்நெட் வந்தது. கடைக்கு ஆட்கள் வருவது நின்றது. பூட்டுவதென்று முடிவான அன்று வதனிக்கு எழுதினேன். பதில் வந்தது.

'சரி அண்ணை. நான் முதல் போறன். நான் போன பிறகு நிப்பாட்டுங்கோ.'

அவளுடைய பொட்டு அணைந்தது. நேசனுடையது எரிந்துகொண்டிருந்தது. எனக்குக் கை வரவில்லை. கரண்ட் போகட்டும், அதுவாகவே அணையட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ வருடமாக எங்கள் உயிரை எடுத்த கரண்ட், அன்றைக்கென்று போகவேயில்லை. மற்ற மிஷின்களைக் கழற்றிக்கொண்டிருந்த நானா வந்து பார்த்தார்.

"கரண்ட் போகும் எண்டா இரிக்கீங்க?"

"ஓம்."

அவர் நேசனின் கதிரையை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் ஒரு மிஷினுக்கு முன்னாலும் உட்காராத மனிதர். "சரி, அமத்துங்க," என்றார். அமத்தினேன்.

மகளுக்கு இதை எப்படிச் சொல்வது? என் பொட்டை எவராவது பார்த்துப் பழகினால், அது அணைகிற நாளையும் அவரே பார்க்க வேண்டி வரும். அதனால் மூடி வைத்திருக்கிறேன். போன் கொம்பனி குறை நினைக்காது.

கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசி உறை விற்கிறார்கள். அந்தப் பச்சைப் பொட்டை நடத்திய கொம்பனியும் எங்கேயோ இருந்துகொண்டு எல்லாவற்றையும் மூடிவிட்டது. துறைமுகத்துக்குள் வெடி விழுவதில்லை. லோஞ்சுக்குக் காத்து நிற்க வேண்டாம், அக்கரைக்குப் பாலங்கள் போட்டுவிட்டார்கள். கட்டைபறிச்சானில் பஸ் ஏறினால் மடியில் வைத்த தயிர்ச்சட்டி கவிழாமல் பட்டணத்தில் வந்து இறங்கலாம். நேசன் வருவதென்றால் இப்போது வழி நல்ல சுகம். வந்து உட்காரத்தான் மூன்றாம் மிஷின் இல்லை.