எஸ்டேட் நாடகமும் அம்மாவின் சிரிப்பும்

பச்சைத் தோலும் சுண்ணாம்பும் கலந்த அந்த நெடி, எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் அம்மாவின் விரல்களை விட்டுப் போகாது. பம்மலில் அப்போதிருந்த தோல் பதனிடும் 'ஷாப்பு' ஒன்றில் காலையிலிருந்து நின்றபடியே வேலை பார்த்துவிட்டு வருகிறவள், செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் முகத்தைக் கழுவிக்கொண்டு என்னையும் அழைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குத் தொலைக்காட்சி பார்க்கப் போவாள். அது நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரான ஜெயா அக்காவின் வீடு. எங்களுக்கென்று ஜன்னலோரம் தனியாக ஒரு பாய் கிடக்கும்; ஏன் தனியாக என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்குப் பதினோரு வயது. வாராவாரம் வந்த அந்தத் தொடரை எங்கள் தெருவில் 'எஸ்டேட் நாடகம்' என்றே சொன்னார்கள். மலைமேல் ஒரு காப்பித் தோட்டம், நடுவில் ஓட்டுக்கூரை போட்ட பெரிய பங்களா, நொடித்துப்போய்க்கொண்டிருக்கும் ஒரு குடும்பம். விளைச்சல் இல்லை, மூத்த மகன் பட்டணத்திலிருந்து திரும்பவில்லை, இளைய மகள் மாலதி மட்டும் தோட்டத்தை விடமாட்டேன் என்று நிற்பாள். மாலதிக்காக நான் சாமியிடமெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

ஒரு வாரம் தோட்டத்தை மூடிவிட்டுக் குடும்பம் கிளம்பும் காட்சி வந்தது. பங்களாவின் தூண் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு அந்த வீட்டம்மாள் அழ, அறையிலிருந்த அத்தனை பெண்களும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அம்மா சிரித்துவிட்டாள். சத்தமான சிரிப்பில்லை, மூச்சை வெளியே விடுவதுபோல ஒன்று.

ஜெயா அக்கா திரும்பிப் பார்த்தார். "இன்னாம்மா, ஒரு குடும்பமே நடுத்தெருவுக்கு வந்து நிக்குது, உனக்கு சிரிப்பா இருக்குதா?"

"நடுத்தெருவுக்கா? கார்லதானேக்கா போறாங்க" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வீட்டுக்கு வந்ததும், "உன்னாலதான் மானம் போச்சு, இனிமே என்னையும் உள்ள விடமாட்டாங்க" என்று கத்தினேன். அம்மா திட்டவில்லை. சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, ஊர்க்கதை சொல்வதுபோலச் சொன்னாள். அவளும் அப்படியொரு எஸ்டேட்டில் பிறந்தவளாம். பங்களாவில் இல்லை, அதற்குக் கீழே கூலிக்காரர்கள் இருந்த 'லயன்' வீட்டில்.

"எஸ்டேட்ட மூடுனப்ப எனக்கு உன் வயசு. தங்கச்சிக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியத்தான் மொதல்ல பூட்டுனாங்க. அப்பா தோள்ல போட்டுகிட்டு மலையிறங்குனாரு. பஸ் வர்ற ரோட்டுக்கு வர்றதுக்குள்ள போயிட்டா."

அவ்வளவுதான். உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கிப்போனாள்.

வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்: மறுவாரமும் நான் போனேன். ஜெயா அக்கா தடுக்கவில்லை. தோட்டத்தை நினைத்துப் பார்க்கும் ஒரு பாட்டில், கூடை சுமந்த பெண்கள் திரையின் ஓரமாக நடந்து போனார்கள். அவர்களில் ஒருத்தியின் முகத்தையாவது பார்த்துவிட வேண்டுமென்று நான் பெட்டியருகே நகர்ந்தேன். "மறைக்காதடி, தள்ளி உக்காரு" என்றார் ஜெயா அக்கா. எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா சொன்ன எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் அவரே எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மாவின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டார்.

"என்னத்தக்கா சொல்றது" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு அவள் அந்த நாடகம் பார்க்கப் போகவேயில்லை. கோபமெல்லாம் இல்லை, செவ்வாய்க்கிழமையும் சீக்கிரம் படுத்துக்கொள்ளலாம் என்றாள்.

இப்போது அந்த ஷாப்பு இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. ஜெயா அக்காவின் வீட்டை இடித்துக் கடைகள் கட்டிவிட்டார்கள். அந்தத் தொடரைப் பற்றி யாரைக் கேட்டாலும் நினைவில்லை என்கிறார்கள். எனக்கு மட்டும் அந்தக் குடும்பத்தில் ஒருவர் விடாமல் எல்லோர் பெயரும் நினைவிருக்கிறது. அவர்கள் வீட்டு நாயின் பெயர்கூட. அம்மா போய்ப் பல வருடங்களாகின்றன. மலையிறங்கும் வழியில் இறந்துபோன என் சித்திக்கு என்ன பெயர் என்று, அம்மா இருந்தவரை நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.