ஹோஷிம்ஜான் வீட்டில் சாக மறுத்த சுரப்பி

பட்டுக்குப் பேர்போன மர்கிலானில் வசந்தம் வந்தால் வீட்டின் நல்ல அறையைப் பட்டுப்புழுவுக்குக் கொடுத்துவிட்டு மனிதர்கள் முற்றத்துக்குக் குடிபோவார்கள். இதில் யாருக்கும் மனக்குறை கிடையாது. புழு சாப்பிடும், மனிதர்கள் குசுகுசுவென்று பேசுவார்கள். கண் பட்டுவிடும் என்பதால், கூடுகளைக் கிளையிலிருந்து இறக்கும்வரை வெளியாள் எவரும் படி தாண்டக் கூடாது. அமைச்சரே வந்தாலும் தெருவில் நின்று தேநீர் குடித்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

அந்த வருஷம் ஹோஷிம்ஜான் இந்தச் சட்டத்தைக் கடைப்பிடித்த அளவுக்கு எந்த மகானும் எந்த நெறியையும் கடைப்பிடித்திருக்க மாட்டார்.

அவர் பட்டுப்புழு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். நிலையத்தின் புழுவறைக் கூரை ஒழுகியதால் ஊழியர்கள் ஆளுக்குச் சில தட்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போவது வழக்கம். ஐம்பதைத் தாண்டியவர். தலையில் கறுப்புச் சதுரத் தொப்பி, அதன் விளிம்பில் எப்போதும் ஒரு மல்பெரி இலைத் துணுக்கு. வாழ்நாளில் எதையும் தூக்கி எறியாதவர். நின்றுபோன கடிகாரங்கள், பிடியில்லாத தேநீர்க் கிண்ணங்கள், மகள் ஜும்ராத்தின் பால்பற்கள் எல்லாம் அவரிடம் பத்திரமாக இருந்தன. இப்போது அந்த ஜும்ராத்தையே பெண் கேட்டு வருகிறார்கள்.

பையன் பெயர் ஸர்தோர். வெல்டிங் வேலை. கொரியாவுக்குப் போகிறான், கல்யாணம் முடித்து ஜும்ராத்தையும் அழைத்துக்கொள்வானாம். ஜும்ராத்துக்கு அவனைப் பிடித்திருந்தது. அவள் அம்மா பஷோரத்துக்கும் பிடித்திருந்தது. ஹோஷிம்ஜானுக்கும் பிடித்திருந்தது, அதுதான் சங்கடம். குறை சொல்ல ஒரு துரும்புகூட அகப்படவில்லை. ஆனால் பெண் கேட்டு வருகிறவர்களை விருந்தறையில் உட்கார வைத்து ரொட்டி முறித்தால்தான் சம்மதம். விருந்தறையில் புழு.

பையனின் பெரியம்மா கீம்யோ வாசல் கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தாள்.

“என்ன ஹோஷிம் தம்பி, உங்க வீட்டுப் புழு இன்னுமா சாப்பிடுது? எங்க பையனே இந்தத் தீனி திங்க மாட்டானே!”

“மெதுவா பேசுங்கக்கா. அதுங்களுக்கு மனசு ரொம்ப மென்மை.”

“எனக்கு மட்டும் என்ன கருங்கல்லா? பாருங்க, அவன் விமானம் ஏறுறதுக்குள்ள ரொட்டி முறிக்கணும். இல்லாட்டி குவாசாய்ல ஒரு பொண்ணு பாத்து வெச்சிருக்கோம். அவங்க வீட்ல புழு கிடையாது. சொல்லிட்டேன்.”

உள்ளே ஜும்ராத் இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி கொஞ்சம் பலமாக விழுந்தது.

ஹோஷிம்ஜானின் கையிலோ ஒரு மகத்தான ஆராய்ச்சி இருந்தது. கூடு கட்டி முடித்ததும் புழுவின் வயிற்றிலுள்ள பட்டுச் சுரப்பிக்கு வேலை தீர்ந்துவிடுகிறது. வேலை தீர்ந்த சுரப்பி நம்மைப்போல ஓய்வூதியம் கேட்டு நிற்காது. தன்னைத்தானே வெட்டிக்கொண்டு செத்துப்போகும். அதற்கான கத்தரிகள் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் முதலிலிருந்தே உறைக்குள் படுத்திருக்கின்றன. அவை புரதத்தை வெட்டும் நொதிகள். வேளை வந்ததும் ஒரு கத்தரியின் உறை கழல்கிறது, அது அடுத்த கத்தரியின் உறையை வெட்டுகிறது, அது அதற்கடுத்ததை. ஒரு சண்டையில்லை, சத்தமில்லை. செல் சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிந்து, உடம்பு அதை எடுத்து வேறு காரியத்துக்கு வைத்துக்கொள்கிறது.

கத்தரியை உறையிலேயே பூட்டி வைக்கும் மருந்து ஒன்று நிலையத்தில் இருந்தது. சுரப்பி சாகாவிட்டால் புழு நூற்றுக்கொண்டே இருக்கும் அல்லவா? ஒரு தட்டுப் புழுக்களுக்கு மட்டும் மருந்து கலந்த இலையைப் போட்டு, அடையாளத்துக்கு அந்தத் தட்டில் ஒரு சிவப்பு நூல் கட்டினார்.

மறுநாள் பார்த்தால் எல்லாத் தட்டிலும் சிவப்பு நூல்.

“ஜும்ராத் அப்பா, ஒண்ணுக்கு மட்டும் கண்ணேறு கழிச்சா மத்ததெல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு?” என்றாள் பஷோரத். “தட்டையும் இடம் மாத்தி வெச்சேன். கெட்ட கண்ணுக்கு வழி தெரியாம போகட்டும்னு.”

ஹோஷிம்ஜான் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அந்தக் கை மெல்லக் கீழே இறங்கியது; முகத்தில் ஒரு புனிதமான துக்கம் படிந்தது. “அப்ப மருந்து தின்னது எதுன்னு தெரியணும்னா, கூட்டிலிருந்து பூச்சி வர்ற வரைக்கும் ஒண்ணையும் இறக்க முடியாது” என்றார். பஷோரத் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

புழுக்கள் கிளைகளில் ஏறின, நூற்றன, மறைந்தன. இலை மெல்லும் மழைச்சத்தம் நின்றதும் வீடு முழுக்க ஒரு வெள்ளை மௌனம். பிற்பகல்களில் ஹோஷிம்ஜான் கூடுகளுக்கு நடுவே பாய் விரித்துப் படுப்பார். ஆராய்ச்சி என்று பெயர். கண் செருகும். கிளைகள் பனிமூடிய தோட்டமாகும். அதன் நடுவே ஒரு புழு நிறுத்தாமல் நூற்றுக்கொண்டிருக்கும். நூல் சுவர் தாண்டி, பாதாமி மரங்கள் தாண்டி, மலை தாண்டிப் போகும். அதன் நுனி ஜும்ராத்தின் கணுக்காலில் இருக்கும். அவள் நடந்துகொண்டே இருப்பாள், கடல் மேலேகூட, நூல் அறாது. மறுமுனையைச் சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டு அவர் புன்னகைப்பார்.

“அப்பா.”

விழித்தால் ஜும்ராத் நின்றுகொண்டிருந்தாள். “குவாசாய்க்குப் போறாங்களாம், நாளைக்கு. ஸர்தோர் போன் பண்ணான். நீங்க வேணாம்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன். ஆனா உங்களுக்குப் பதிலா புழுவைச் சொல்ல வெக்காதீங்க.”

பட்டுப்பூச்சிகளுக்கு நேரங்காலம் தெரியாது என்பார்கள். அப்போது பார்த்து ஒரு கூட்டின் முனை ஈரமானது. இருவரும் பார்த்தார்கள். உள்ளிருந்து பூச்சி எச்சிலைத் துப்பிக்கொண்டிருந்தது. அந்த எச்சிலிலும் ஒரு கத்தரிதான். பட்டு இழைகளை ஒட்டி வைத்திருக்கும் பசைப் புரதத்தை வெட்டுவது. ஈரம் விரிந்து துவாரமாயிற்று. கசங்கிய தாள்போல ஒரு பூச்சி வெளியே வந்து சிறகை உலர்த்தியது. பிறகு இன்னொன்று. மாலைக்குள் அறையெங்கும் மாவு தூவியதுபோல் சிறகுகள்.

ஒரு தட்டுக் கூடுகள் மட்டும் அசையவே இல்லை.

எது எது என்று தெரிந்துவிட்டது. ஹோஷிம்ஜான் அசையாத கூடு ஒன்றை அறுத்தார். உள்ளே பழுப்புக் கூட்டுப்புழு. அதையும் பிளந்தார். பட்டுச் சுரப்பி முழுசாக, பளபளவென்று, ஒரு கீறலில்லாமல் கிடந்தது. அவருடைய மருந்து மாபெரும் வெற்றி. ஆனால் அதில் ஒரு துளிப் பட்டில்லை. தின்ற இலையெல்லாம் எப்போதோ நூலாகிவிட்டது. சோறு தீர்ந்த பிறகும் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது சட்டி. சட்டி விட்டுக்கொடுக்காத இடத்தில் சிறகு முளைக்கவில்லை.



“என்னப்பா அது?” என்றாள் ஜும்ராத்.

“நல்லா பாதுகாத்து வெச்சது” என்றார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். “உங்க அம்மாவை விளக்குமாறு எடுக்கச் சொல்லு. கீம்யோ அக்காவுக்கு நான் போன் பண்றேன்.”

மறுநாள் காலை கீம்யோ குவாசாய்க்குப் போகவில்லை. விருந்தறையில் மெத்தை விரித்து உட்கார்ந்து, நாலா பக்கமும் கண்ணை ஓட்டினாள். “அடேயப்பா, ஒரு வழியா காலி பண்ணிட்டாங்களா உங்க விருந்தாளிங்க?”

“நீங்க வர்றீங்கன்னதும் பயந்து பறந்துடுச்சுங்க” என்றாள் பஷோரத்.

ரொட்டி வந்தது. வட்டமான, நடுவில் பூக்குத்திய, சூடான ரொட்டி. ஒரு பக்கம் கீம்யோ பிடித்தாள், மறுபக்கம் ஹோஷிம்ஜான். பிடித்தார், பிடித்தார், பிடித்துக்கொண்டே இருந்தார். ரொட்டி முறியவில்லை.

“ஜும்ராத் அப்பா,” பஷோரத் அவர் காதருகே குனிந்தாள், “கத்தரி இன்னும் உறையிலயா இருக்கு?”

ரொட்டி முறிந்தது. ஆவி எழுந்தது. யாரும் கவனிக்காதபோது ஹோஷிம்ஜான் ஒரு சின்னத் துணுக்கை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, அதையும் வெளியே எடுத்து வாயில் போட்டு மென்றார்.