இடப்பக்கத்துச் சிங்கம் வாய் திறக்கவில்லை

கினுயோ டெராஜிமாவின் வீட்டில் முன்பக்கம் டோஃபு கடை, பின்பக்கம் சிங்கங்கள். முன்னால் அவள் கணவர் மசாகிச்சி சோயாவை அரைத்து, காய்ச்சி, கட்டியாக்கித் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிடுவார். பின்னறையில் கினுயோ தொலைக்காட்சிக் கார்ட்டூனுக்கு வர்ணம் பூசுவாள். டோக்கியோவின் மேற்கே, நெரிமாப் பக்கம், கார்ட்டூன் எடுக்கும் கூடங்கள் தெருவுக்குத் தெரு இருந்தன. அதனால் அங்கே வீட்டுப் பெண்கள் பலருக்கும் இதுதான் கைவேலை.

கினுயோ ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் வர்ணத்தின் எண்ணைப் பார்க்காமலே குப்பியை எடுத்துவிடுவாள். வெள்ளை நூல் கையுறையில் மூன்று விரல்களை வெட்டிவிட்டு மாட்டிக்கொள்வாள். கோடு வரைந்து வரும் கண்ணாடித்தாளைக் குப்புறப் போட்டு, பின்புறத்தில் வர்ணத்தைக் குளம்போல நிரப்புவாள். கோட்டைத் தாண்டாது. தாள்கள் காய்கிற நேரத்தில் மசாகிச்சி எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைக்கக் கூடாது. புகை படிந்தால் போச்சு.

"இது என் கடையா, உன் சிங்கத்தோட கடையா?" என்று அவர் கேட்பார்.

"சிங்கம் காவலுக்கு இருக்கு. கடை உங்களோடதுதான். இன்னும் அரை மணி நேரம் வறுக்காதீங்க."

அந்தக் கார்ட்டூனின் கதை இதுதான். ஒரு கோயில் வாசலில் இரண்டு கல் சிங்கங்கள். ஆபத்து வந்தால் அவை உயிர்பெற்று எழுந்து, மினே என்ற சின்னப் பெண்ணைக் காப்பாற்றும். சனிக்கிழமை சாயங்காலம் அது வரும்போது அந்தத் தெருவில் ஒரு பிள்ளையையும் வெளியே பார்க்க முடியாது.

கினுயோவுக்கோ அது கதையே இல்லை. தெருமுனைக் கோயிலின் வாசலிலும் அதேபோல இரண்டு சிங்கங்கள் நின்றன. வலப்பக்கத்தது வாய் திறந்திருக்கும். இடப்பக்கத்தது வாய் மூடியிருக்கும். எந்த ஊர்க் கோயிலிலும் அப்படித்தான். தினமும் காலையில் கடை அடுப்பிலிருந்து முதல் பாத்திரம் சோயாப்பால் இறங்கியதும் அவள் அங்கே போவாள். சன்னிதியில் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கை தட்டி, மறுபடி ஒருமுறை குனிவாள். பிறகு இடப்பக்கத்துச் சிங்கத்தின் காலைத் துணியால் துடைத்தபடி, மனசில் உள்ளதை அதன் காதில் சொல்லுவாள். வாய் மூடியவர் ஆயிற்றே, வெளியே விடமாட்டார் என்ற நம்பிக்கை.

இருபத்தெட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மாமியாரின் தேநீர்க் கிண்ணத்தை உடைத்துவிட்டுப் பூனைமேல் பழி போட்டது அந்தச் சிங்கத்துக்குத் தெரியும். மகளின் பிரசவத்தன்று பயந்து அழுதது தெரியும். மசாகிச்சி பெருமையாகச் செய்த எள்ளு டோஃபுவை ஒருவரும் வாங்காததால், அவர் கண்ணில் படாமல் பக்கத்து வீட்டு வாத்துகளுக்குப் போட்டுவிட்டு, "எல்லாம் வித்துடுச்சுங்க" என்று சொன்னதும் தெரியும்.

கார்ட்டூனின் ஏழாவது வாரத்துக்கான கண்ணாடித்தாள் கட்டு கூடத்திலிருந்து வந்தது. வியாழன் மதியம் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிரித்துப் பார்த்த கினுயோ கையுறையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

அந்த வாரம்தான் இடப்பக்கத்துச் சிங்கம் முதல்முறையாகப் பேசுகிறது. யார் பேசினாலும் மூன்று வாய் வரைவது அந்தக் கூடத்தின் வழக்கம்: திறந்தது, பாதி திறந்தது, மூடியது. மூன்றையும் மாற்றி மாற்றிப் படம் பிடித்தால் பேசுகிறமாதிரி இருக்கும். வரைந்தவர் யோசிக்காமல் இடப்பக்கத்துச் சிங்கத்துக்கும் மூன்று வாய் போட்டிருந்தார். ஒன்றில் தொண்டைவரை தெரிந்தது.

"என்னங்க," என்றாள் கினுயோ. "இவருக்கு வாயைத் திறந்துட்டாங்க."

மசாகிச்சி ஈரக்கையோடு எட்டிப் பார்த்தார். "அதனால என்ன? இத்தனை வருஷமா மூடி வெச்சிருக்காரு. தாடை வலிக்காதா பாவம்?"

"விளையாடாதீங்க. இவரு வாயைத் திறந்தா என்னென்ன வெளிய வருமோ!"

"ஓஹோ. அப்படி என்ன வரும்?"

"ஒண்ணும் வராது. போய் வேலையைப் பாருங்க."

மூன்று நாள் உட்கார்ந்து மற்ற எல்லாத் தாள்களையும் முடித்தாள். திறந்த வாய்த் தாள்களைமட்டும் தொடவில்லை. தூரிகையை எடுத்துக்கொண்டு போனால் கை அங்கேயே நின்றுவிடும். தெய்வத்தின் வாயை நெம்பித் திறக்கிறமாதிரி இருந்தது அவளுக்கு.

வியாழனன்று கட்டை வாங்க சுகுதா வேனோடு வந்தார். நாற்பது வயது மனிதர். எப்போதும் தூக்கக் கலக்கம். அங்கத்து வழக்கப்படி, பெயரோடு மரியாதைக்கு ‘சான்’ சேர்த்துக் கூப்பிடுவார்.

"டெராஜிமா சான், வாயெல்லாம் எங்க? என் தலையை எடுத்துடுவாங்க!"

"உங்க தலை வேண்டாம். நானே வந்து சொல்றேன்."

கூடத்தில் இயக்குநர் குரோய்வா தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு மேசையில் ஓங்கி வைத்தார். அடுக்குமாடிக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். கோயிலுக்குப் புத்தாண்டில் ஒருநாள் போவதோடு சரி.

"குரல் பதிவு முடிஞ்சாச்சு. அரை நிமிஷ வசனம். வீட்டுக்கு எந்த வழியில போகணும்னு சிங்கம் மினேவுக்குச் சொல்லணும். வாயில்லாம எப்படிச் சொல்லும்? மூக்கால சொல்லுமா?"

அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். கினுயோவின் காது சிவந்தது. குனிந்து வணங்கிவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"மன்னிச்சுக்குங்க டைரக்டர் சான். எனக்குப் படிப்பு கம்மி. எங்க கோயில்ல இருக்கிற இடது சாமி இருபத்தெட்டு வருஷமா என்கிட்ட பேசறாரு. ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை."

"அப்புறம் எப்படிக் கேக்கும்?"

"நெஞ்சுல காதை வெச்சாக் கேக்கும்."

குரோய்வா அவளையே பார்த்தார். கோபமா யோசனையா என்று யாருக்கும் தெரியவில்லை. சட்டென்று பென்சிலை எடுத்தார். மூடிய வாயோடு சிங்கம் நிற்க, மினே எம்பி அதன் நெஞ்சில் காதை வைத்திருப்பதாக ஒரு படம் போட்டார்.

"இதுக்கு இங்கயே உட்கார்ந்து வர்ணம் குடுங்க. சாயங்காலம் படம் பிடிக்கணும். ஆனா ஒண்ணு டெராஜிமா சான். இதைப் பார்த்துட்டு, பேசற இடத்துல சிங்கத்தோட வாய் ஒட்டிக்கிச்சுன்னு பிள்ளைங்க கேலி பண்ணினா, ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்குக் கட்டு வராது. அப்புறம் என்னைக்கும் வராது."

கினுயோ தலையாட்டினாள். பூசும்போது வர்ணம் கோட்டைத் தாண்டவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போதுதான் அவர் சொன்னது உறைத்தது. அந்த வர்ணக் குப்பிகளைத் தூக்கிக் கொடுத்துவிட்டால் அவளுடைய பின்னறை வெறும் அறை.

சனிக்கிழமை சாயங்காலம் தெருப் பிள்ளைகள் டோஃபு கடையில் குவிந்துவிட்டார்கள். அங்கே தொலைக்காட்சி பெரியது. மசாகிச்சி ஆளுக்கொரு வறுத்த டோஃபு கொடுத்தார். கினுயோ பின்னறைக் கதவை ஒருசாண் திறந்துவைத்து, திரையைப் பார்க்காமல் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தாள்.

பனிமூட்டத்தில் மினே வழி தவறி அழுகிறாள். இடப்பக்கத்துச் சிங்கம் பீடத்திலிருந்து இறங்கி வருகிறது. மினே அதன் நெஞ்சில் காதை வைக்கிறாள். கிணற்றுக்குள்ளிருந்து வருகிறமாதிரி, கனமாக, குரல் மட்டும் கேட்கிறது.

"வாயே அசையலையே!" என்றான் ஒரு பயல். கினுயோ கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஷ்! உள்ளேயிருந்து பேசுதுடா முட்டாள்," என்று ஒரு சிறுமி அவன் தலையில் தட்டினாள். "மினேவுக்கு மட்டும்தான் கேக்கும். உனக்குக் கேக்காது."

"எனக்கும் கேக்குதே!"

"அப்போ வாயை மூடிக்கிட்டுக் கேளு."

பிள்ளைகள் எல்லோரும் கடித்த டோஃபுவை மெல்லக்கூட மறந்து உட்கார்ந்திருந்தார்கள். கினுயோ கதவுக்குப் பின்னால் கைகூப்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், வழக்கமான நேரத்துக்கு முன்னாலேயே வேன் சத்தம் கேட்டது. சுகுதா வாயெல்லாம் பல்லாக இறங்கினார். "நேத்து ராத்திரி பூரா பிள்ளைங்க கூடத்துக்குப் போன் பண்ணி, எங்க ஊர்ச் சிங்கமும் உள்ளேயிருந்து பேசுமான்னு கேட்டாங்க!" என்றார். கட்டின்மேல், சிங்கங்களை எப்படி வரைய வேண்டும் என்று காட்டும் புதிய மாதிரித்தாள் இருந்தது. வலப்பக்கத்துச் சிங்கத்துக்கு மூன்று வாய். இடப்பக்கத்ததற்கு ஒன்றே ஒன்று. கீழே குரோய்வாவின் கையெழுத்தில், "இனி இப்படியே. டெராஜிமா சானைக் கேட்டுக்கொள்ளவும்."

கட்டை வாங்கி வைத்துவிட்டு நன்றி சொல்லக் கோயிலுக்கு ஓடினாள். அங்கே இடப்பக்கத்துச் சிங்கத்தின் முன்னால் வரிசை நின்றது. பிள்ளைகள் ஒவ்வொருவராக எம்பி, கல் நெஞ்சில் காதை வைத்துவிட்டு நகர்ந்தார்கள். வரிசையின் கடைசியில், ரப்பர் பூட்ஸோடு, மசாகிச்சி.

"நீங்க எங்க இங்க?"

"இரு, இரு. என் முறை வந்துடுச்சு." அவர் குனிந்து காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "என்னமோ சொல்றாரே... எள்ளு... எள்ளுனு கேக்குது."

கினுயோவுக்கு முகம் வெளிறியது. "அவரா? அவரு சொல்லமாட்டாரே!"

மசாகிச்சி நிமிர்ந்தார். "அவரு சொல்லலை. நான் எள்ளு டோஃபு போட்ட வருஷத்திலேர்ந்து பக்கத்து வீட்டு வாத்துங்க எல்லாம் விடிஞ்சா நம்ம கடை வாசல்ல வந்து நிக்குதே, அதுங்கதான் சொல்லுச்சு."

கினுயோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு துணியை எடுத்து, பிள்ளைகளின் காதும் கன்னமும் பட்டு அழுக்கான அந்த நெஞ்சைப் பளிச்சென்று துடைத்துவிட்டாள்.