ஹெல்மெட்டுக்குள் இருந்தவர்

போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ஒத்தக்கடையில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் முருகேசனைப் பார்க்க. தாடையில் தையல், வலது கையில் மாவுக்கட்டு. அடித்தது யார்? ரவுடிகள் இல்லை... உங்களையும் என்னையும் போன்ற நல்லவர்கள்.

முருகேசன் துபாயில் ஏ.சி. மெக்கானிக். அவர் விமானம் ஏறியபோது மகள் யாழினி மழலை பேசிக்கொண்டிருந்தாள். இப்போது ஒண்ணாம் வகுப்பு. அப்பா என்றால் அவளுக்கு செல்போனில் தெரியும் ஒரு முகம்.

மனைவி செல்வி தனியாகப் பிள்ளை வளர்க்கிறவர். பயம் இருக்காதா? தினமும் தலை பின்னும்போதே பாடம் நடக்கும்.

"தெரியாத ஆளு கையப் புடிச்சா என்ன செய்யணும்?"

"கடிக்கணும்... கத்தணும்... ஓடணும்!"

எதிர்வீட்டில் இருக்கும் எனக்கே மனப்பாடம்.

முருகேசன் லீவில் வந்தார் — யாருக்கும் சொல்லாமல். மகளுக்கு சர்ப்ரைஸாம். நண்பரிடம் பைக்கை இரவல் வாங்கிக்கொண்டு நேராகப் பள்ளிக்கூட வாசல். செல்வி இன்னும் வந்திருக்கவில்லை. கேட்டுக்கு வெளியே நின்ற மகளைப் பார்த்ததும் மனுஷனுக்கு அவசரம்... ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பின்னால் போய்க் கையைப் பிடித்துவிட்டார்.

யாழினி கடித்தாள். கத்தினாள். "காப்பாத்துங்க! இவரு யாருன்னே தெரியாது!"

டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, பஸ் ஸ்டாப் — எல்லோரும் ஓடி வந்தார்கள். வந்ததில் தப்பே இல்லை. வரத்தான் வேண்டும். ஆனால் ஒருவராவது "நீ யாருப்பா?" என்று கேட்டார்களா? பிள்ளையைப் பத்திரமாக ஒதுக்கி நிறுத்திவிட்டுப் போலீசைக் கூப்பிட்டார்களா? "புள்ள புடிக்கிறவன்டா!" என்று ஒரு குரல்... அவ்வளவுதான். பாதிப் பேர் அடித்தார்கள். மீதிப் பேர் வீடியோ எடுத்தார்கள்.

ஹெல்மெட் கழன்று விழுந்த பிறகுதான் யாழினி அந்த முகத்தைப் பார்த்தாள். "எங்கப்பா! அது எங்கப்பா!" என்று மறுபடியும் கத்தினாள். இந்தத் தடவை அவள் கத்தியது யார் காதிலும் விழவில்லை. செல்வி ஓடி வந்து புருஷன் மேல் விழுந்து மறைத்த பிறகே கைகள் நின்றன.

"ஸாரிண்ணே" என்று ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினாராம். மற்றவர்கள் மெல்லக் கலைந்துவிட்டார்கள்.

முருகேசனுக்கு மகள் மேல் துளிக் கோபம் இல்லை. "எம்மக சரியாத்தேன்க்கா செஞ்சா. நாந்தேன் கிறுக்குத்தனம் பண்ணிட்டேன்" என்றார் என்னிடம், தாடை அசையாமல்.

கட்டிலுக்குத் தள்ளி, செல்வியின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள் யாழினி. அப்பா கூப்பிட்டும் கிட்டே வரவில்லை.

"பாப்பா, நீ செஞ்சதுதேன் கரெக்ட். இன்னொருக்கா யாராச்சும் கையப் புடிச்சாலும் இப்படித்தேன் கத்தணும், என்னா?"

அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள்.

"கத்த மாட்டேம்ப்பா. கத்துனா எல்லாரும் வந்து அடிப்பாங்க."

செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஒரு தாய் வருஷக்கணக்கில் சொல்லிக்கொடுத்ததை ஒரே சாயங்காலத்தில் மறக்கடித்துவிட்டோம்... காப்பாற்ற வந்த நாம்.