இடது பக்கம் மட்டும்

எங்கள் சலூன்காரருக்குக் கை நீளம் என்றால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கல்லாப்பெட்டி விஷயத்தில் அவர் தங்கம். நான் சொல்வது அவர் முடி வெட்டும் அழகை. நாற்காலியில் இருப்பவர் என்னவோ கொதிக்கிற பாத்திரம் என்பதுபோல ஓரடி தள்ளி நின்று, இரண்டு கைகளையும் நீட்டித்தான் வெட்டுவார்.

காரணம் அவருடைய மார்பு. மீசை அரும்பும் வயதில் அதுவும் சேர்ந்து வளர்ந்தது. வயதானால் தானாகப் போய்விடும் என்றார்கள். வயதுதான் போனது. நாற்பதை நெருங்கியும் அது அசையவில்லை. கொஞ்சம் குனிந்தாலும் உட்கார்ந்திருப்பவரின் பின்தலையில் பட்டுவிடும். ஒருநாள் அப்படிப் பட்டபோது ஒரு வங்கிக் காசாளர் கண்ணாடியைப் பார்த்தபடி, "தலையணையெல்லாம் வச்சு வெட்டுறீங்களே, இதுக்குத் தனி ரேட்டா?" என்றார். காத்திருந்தவர்கள் பெஞ்சு குலுங்கச் சிரித்தார்கள். சலூன்காரரும் சிரித்தார். கழுத்தில் கத்தி வைக்கிறவர் கோபப்பட்டால் கடை என்னாவது? அன்று முதல் எந்த வெயிலிலும் இரண்டு பனியன், மேலே சட்டை, அதற்கும் மேலே ஏப்ரன். கையை நீட்டி நீட்டித் தோள்பட்டை வேறு பிடித்துக்கொண்டது.

"நான் ஏதாவது சொன்னேனா? எனக்கு ஒண்ணும் வித்தியாசமா தெரியலியே" என்றாள் மனைவி.

"உனக்குத் தெரியாம இருக்கலாம். கண்ணாடிக்குத் தெரியுதே. நாள் பூரா அது முன்னாடிதான நிக்கிறேன்?"

அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே அறுவை சிகிச்சை செய்வார்கள், ஒரு குழு சம்மதித்தால் போதும் என்று யாரோ சொன்னார்கள். போனார். முதலில் ஸ்கேன் எடுக்க அனுப்பினார்கள். அந்த அறை வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் பெண்கள். நர்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பேஷண்ட் எங்க? உங்க வீட்டம்மாவை வரச் சொல்லுங்க."

"பேஷண்டே நான்தாங்க."

வரிசையில் இருந்த ஒரு பருத்த அம்மாள் மட்டும் நகர்ந்து இடம் கொடுத்தார். "உக்காருங்க தம்பி. இங்க யாரும் உங்களைப் பாக்க வரல. அவங்கவங்க பயம் அவங்கவங்களுக்கு." மாதக்கணக்கில் அலைந்ததில் அவர் காதில் விழுந்த ஒரே உருப்படியான பேச்சு அதுதான்.

புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்தது. "நல்ல செய்தி, ஒண்ணுமே இல்ல" என்றார் டாக்டர்.

"ஒண்ணும் இல்லாமலா டாக்டர் இவ்வளவு இருக்கு?"

டாக்டர் அவரைக் குழுவிடம் அனுப்பினார். குழுவின் தலைவர் ஒரு மூத்த அறுவை மருத்துவர். பக்கத்தில் அரசுப் பணத்தைக் காவல் காக்க ஓர் அதிகாரி. சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு குழுவுக்கு முன்னால் கழற்றினார். அதிகாரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "வலி இருக்கா?"

"தோள்பட்டை வலிக்குதுங்க."

"அது பக்கத்துக் கட்டடம்."

"மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குங்க."

அது மாடியில் இருந்தது. மாடியில் இருந்த மனநல மருத்துவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு வருத்தத்தோடு சொன்னார்: "அளவுக்கு மீறிக் கவலைப்பட்டா நோய்னு எழுதிக் குடுக்கலாம். நீங்க அளவாத்தான் கவலைப்படுறீங்க."

மறுபடி குழு. தலைவர் உதட்டைப் பிதுக்கினார். "ரெண்டும் சமமா இருக்கே, அதுதான் சிக்கல். சமமா இருந்தா அது உடல்வாகு. உடல்வாகை மாத்துறது அழகு சமாச்சாரம். அழகுக்கெல்லாம் அரசு பணம் குடுக்காது." சொல்லிக்கொண்டே இடது பக்கத்தை ஓர் அழுத்து அழுத்தினார். சலூன்காரர் "ஆ" என்றார். வலது பக்கத்தை அழுத்தியபோது பாவம், உண்மையைச் சொல்லிவிட்டார்: வலிக்கவில்லை.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "அப்ப இடதுக்கு அனுமதி."

"வலதுங்க?"

"அது அழகு."

இடது பக்கத்தை மட்டும் எடுத்தார்கள். சுத்தமான வேலை, குறை சொல்ல முடியாது. ஆனால் இத்தனை நாளும் சட்டைக்குள் இரண்டாக ஒளிந்திருந்தது இப்போது ஒன்றாக நின்று ஊரையே கூப்பிட்டது. எது இல்லாமல் போகட்டும் என்று நாயாய் அலைந்தாரோ, அதையே இப்போது தினமும் காலையில் கைத்துண்டை மடித்து இடப்பக்கம் செருகி அவரே உண்டாக்கிக்கொண்டார். ஒருநாள் ஒரு வாத்தியாருக்கு முடி வெட்டும்போது துண்டு நழுவி அவர் மடியில் விழுந்தது.

"இது யாருது?" என்றார் வாத்தியார்.

"உங்களுக்குத்தான் சார்" என்று சொல்லி, அதாலேயே அவர் பிடரியைத் துடைத்துவிட்டார். வாத்தியாருக்குப் பரம திருப்தி. சலூன்காரர் பின்கட்டுக்குப் போய் வேறொரு துண்டை மடித்துச் செருகிக்கொண்டு வந்தார்.

காயம் ஆறியதா என்று பார்க்க மறுபடி அழைத்தார்கள். சட்டையைக் கழற்றியதும் தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "என்னய்யா இது? ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லியே!"

அதிகாரியும் இப்போது ஜன்னலை விட்டுத் திரும்பினார். "இது குறைபாடாச்சே சார். குறைபாடுன்னா உடனே செஞ்சாகணும். விதியிலேயே இருக்கு."

"நீங்க பண்ணினதுதானேங்க இது?" என்றார் சலூன்காரர்.

"யார் பண்ணினாங்கங்கிறது கேள்வி இல்ல. இருக்கா இல்லியா, அதான் கேள்வி."

இருந்தது. அதனால் வலதும் போயிற்று. சலூன்காரர் இருவருக்கும் நன்றி சொன்னார்.

தையல் பிரித்த வாரம் அவர் துணிக்கடைக்குப் போய், உடம்போடு ஒட்டுகிற ஒரு பச்சை டீ-ஷர்ட் வாங்கினார். உள்ளே பனியன்கூட இல்லாமல் போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார். மனைவி அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"இந்தப் பச்சை உங்களுக்கு எடுப்பாவே இல்ல" என்றாள். "மாத்தித் தருவானான்னு கேளுங்க."

அவர் மாற்றவில்லை. மறுநாள் அதையே போட்டுக்கொண்டு கடை திறந்தார்.